கோட்டுப் பைக்குள் ஒரு மீன் முள்

போன சனிக்கிழமை என் விரலில் ஒரு மீன் முள் குத்திவிட்டது.

மீன் வெட்டினால் முள் குத்தத்தானே செய்யும், இதையும் ஒரு பத்தியாக எழுத வந்துவிட்டீர்களா என்று கேட்பீர்கள். பொறுங்கள். குத்தியது சமையலறையில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலுமாரியில், என் கணவரின் வேட்டைக் கோட்டுப் பைக்குள் கையை விட்டபோது!

அந்தக் கோட்டின் சரித்திரம் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும். எங்கள் வீட்டுச் சுவாமி அறைக்குக்கூட அவ்வளவு ஆசாரம் கிடையாது. வாசனை இல்லாத சோப்புத் தூளில் தனியாகத் தோய்க்க வேண்டும். தோட்டத்துக் கொட்டிலில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மாதம் தொங்க வேண்டும். தாளிக்கும் நேரத்தில் சமையலறைக் கதவு திறந்திருந்தால் ஓடிப்போய் அடைக்க வேண்டும். அப்படிப்பட்ட கோட்டுக்குள் குழம்பு காய்ந்து ஒட்டிய ஒரு மீன் முள்...

விரலைச் சூப்பிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கணவர் பெயர் குலம்; இந்தப் பக்கத்தின் வாசகர்கள் அவரை அறிவார்கள். லண்டனில் பாதாள ரயில் ஓட்டுகிறார். வருடத்தில் ஐம்பது கிழமை நிலத்துக்குக் கீழே இருக்கிறார். நவம்பரில் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய் மரத்துக்கு மேலே இருக்கிறார். நிலத்தில் எப்போது இருப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தவர் பாலா. என் கணவரின் சித்தப்பா மகன். மிச்சிகனில் எஞ்சினியர். நான்கு வருடத்துக்கு முன் இவரைக் கூட்டிக்கொண்டு போய் வில்லும் அம்பும் கையில் கொடுத்து ஒரு மரத்தில் ஏற்றிவிட்டார். போனது என் புருஷன். திரும்பி ஹீத்ரோவில் வந்து இறங்கியது ஒரு வேடன்.

இங்கிலாந்தில் வில்லால் மான் வேட்டை ஆடுவது சட்டப்படி குற்றம். பலகையில் ஒட்டிய வட்டத்துக்கு மட்டும் எய்யலாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வில் கிளப்புக்குப் போய் வட்டத்துக்கு எய்வார். மற்ற நாட்களில், ஷிப்ட் முடிந்து வந்து, எங்கள் இல்ஃபோர்ட் வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் பேர்ஸ் (பேரிக்காய்) மரத்தில் ஏறி இருப்பார். சும்மா. ஆடாமல் அசையாமல். இரண்டு மணி நேரம்.

பக்கத்து வீட்டு மார்கரெட் முதல் வருடம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “உங்களுக்குள் ஏதாவது பிரச்சினையா? வேண்டுமானால் அவரை உள்ளே விடச் சொல்லி நான் உன்னோடு பேசவா?” என்று என்னிடமே கேட்டாள். நான் வீட்டை விட்டுத் துரத்தியதால்தான் மனுஷன் மரத்தில் ஏறியிருக்கிறார் என்று அவளுக்கு நினைப்பு! நான் விளக்கம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து இவர் மரத்தில் இருக்கும்போதெல்லாம் வேலியோரம் ஒரு கப் தேநீர் வந்துவிடும்.

“ஏன் வில்லு? துவக்கு எண்டால் லேசெல்லோ?” என்று நானும் கேட்டேன்.

“துவக்கெண்டால் இருநூறு யார் தூரத்துக்கு அங்கால நிண்டும் சுடலாம். வில்லுக்கு இருபது யார் தூரத்துக்குள்ள வரவேணும். அதுக்கு அவர் என்னை நம்பி வரவேணும்.”

கவனித்தீர்களா? ‘அவர்’. எங்கள் வீட்டில் கோயில் ஐயருக்கு அடுத்தபடி ‘அவர்’ என்ற மரியாதை ஒரு மானுக்குத்தான்.

அந்த ‘அவரை’ப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலாவுக்குச் சொந்தக் காணி கிடையாது. அவர்கள் வேட்டையாடுவது அரசாங்கக் காட்டில். யாரும் வரலாம், ஆகவே எல்லோரும் வருகிறார்கள். சனி ஞாயிறில் காட்டு வாசலில் கார் விட இடமிருக்காதாம், எங்கள் கோயில் தேருக்கு ஆர்ச்வே தெருக்கள் நிரம்புகிற மாதிரி. அந்தச் சனத்துக்கு நடுவே, ஒரு வெள்ளைவால் கலைமான் எட்டொன்பது வருடம் உயிரோடு இருந்து, பத்துக் கிளைக் கொம்பும் வளர்த்து, கழுத்தும் தடித்துவிட்டது என்றால் அது லேசுப்பட்ட பிராணியா? எந்தப் பாதையால் மனிதர் வருவார்கள், எத்தனை மணிக்குக் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் என்பதெல்லாம் அதற்குப் பாடம். இமிக்ரேஷன் கவுண்டரில் இருக்கிறவர்களைவிடச் சந்தேகம் பிடித்தது.

என் கணவர் அதற்கு வைத்த பெயர் ‘கிழவர்’. இடது காதில் ஒரு கிழிசல். அதுதான் அடையாளம்.

கிழவரின் கண்ணை ஏமாற்றலாமாம். காதைக்கூட ஏமாற்றலாமாம். மூக்கை ஏமாற்ற ஏலாது. அதற்காகத்தான் இத்தனை ஆசாரமும். விடியுமுன் போய், தன் கால் மணம் நிலத்தில் படாமல் ஓடைத் தண்ணீருக்குள்ளால் நடந்து, மரத்தில் இருபது அடி உயரத்தில் தட்டுப் போலொரு ஆசனத்தைக் கட்டி, பட்டியால் தன்னையும் மரத்தோடு கட்டிக்கொண்டு இருப்பார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க மற்ற வேட்டைக்காரர்கள் ஏதோ மாவைத் தூவிப் பார்ப்பார்களாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? திருநீறு! சந்தனம் பன்னீர் எதுவும் கலக்காத வெறும் திருநீற்றை ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய், நெற்றிக்குக் கொஞ்சம், காற்றுக்குக் கொஞ்சம்.

இவ்வளவும் செய்தும் நான்கு வருடம் வெறுங்கை. முதல் வருடம் கிழவர் இருட்டுக்குள் சீறியது மட்டும் கேட்டது. பிறகு வாலைக் கண்டார். நாலாம் வருடம் நாற்பது யார் வரைக்கும் வந்து, மூக்கைத் தூக்கி ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டதாம். “காத்து எல்லாம் சரியாத்தான் இருந்தது. என்ன பிழை விட்டனெண்டு விளங்கேல்லையப்பா” என்று வந்த அன்றே தொடங்கி, தைப்பொங்கல் வரைக்கும் இதே புலம்பல்.

இதற்குள் சிலர் எனக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்திருப்பீர்கள். ‘அந்த வாயில்லாச் சீவனைக் கொல்வது பாவமில்லையா?’ என்று. பாவம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிப் பங்குக்குப் பெயர் கொடுக்கும்போது நம் யாருக்கும் ஞாபகம் வராத அதே பாவம். மற்றபடி, இந்த விஷயத்தில் நான் யார் பக்கம் என்று எனக்கே ஐந்து வருடமாகத் தெரியாது. கிழவர் தப்பிவிட்டார் என்றால் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். இவருடைய முகத்தைப் பார்த்தால் அந்தச் சந்தோஷம் போய்விடும்.

சரி, இந்த வருடத்துக்கு வருவோம்.

கோடையில் இவருக்கு வலது தோள் மோசமாகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, டிசம்பரில் ஆபரேஷன், அதற்குப் பிறகு வில் இழுக்கும் வேலையை மறந்துவிடுங்கள் என்றார். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

“அப்ப இந்த நவம்பர்தான் கடைசி” என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது?

கடைசி என்றால் கடைசிதானே? ஆனால் இந்த வருடம் பார்த்து லீவு ரோஸ்டர் சதி செய்தது. கிடைத்தது பத்தே நாள்; அதிலும் போய்ச் சேர்ந்த மறுநாளே கந்தசஷ்டி தொடக்கம்!

எண்பதுகளின் நடுவில், கலியாணம் கட்டிய புதிதில், எங்கள் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஹைகேட் ஹில் முருகன் சந்நிதியில் நின்று இவர் ஒரு நேர்த்தி வைத்தார். ‘கேஸ் சரிவந்தால் சீவியம் முழுக்கச் சஷ்டி பிடிப்பன்’ என்று. கேஸ் சரிவந்தது. அன்றிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. இதுவரை லீவும் விரதமும் எப்படியோ ஒன்றையொன்று விலத்திப் போய்க்கொண்டிருந்தன. இந்த வருடம் நேருக்கு நேர் மோதிவிட்டன.

“விரதகாரன் வில்லோட மரத்தில ஏறலாமே? உங்களுக்கே இது நல்லாயிருக்கோ?” என்று நான் ஏசினேன். இவருக்கும் மனம் கேட்கவில்லை. கோயிலுக்குப் போய் ஐயரையே கேட்டுவிட்டார். நானும் கூட நின்றேன். ஐயர் தலையைச் சொறிந்தார்.

“வள்ளியம்மையை மான்தான் பெத்தது. அவவைத் தேடிப்போன முருகனே வேடனாத்தான் போனவர். அதால மரத்தில ஏறுறது குற்றமில்லை. ஆனால் விரத நாளில உயிர்க்கொலை கூடாது. வில்லைக் கீழ வைச்சிட்டு ஏறுங்கோ.”

அப்படியே தீர்மானமானது. ஆறு நாளும் வெறுங்கையோடு மரத்தில் இருந்து கிழவரின் போக்குவரத்தைப் படிப்பது. ஏழாம் நாள் விரதம் முடிக்கிற பாறணை. பாறணைக்கு மறுநாள் வில்லோடு ஏறுவது. அதற்கு அடுத்த நாள் பிளேன். ஆக, கையில் அம்போடு இருக்கக் கிடைப்பது ஒரேயொரு நாள்!

சூட்கேஸ் அடுக்கியது வழமை போல நான்தான். இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மவர் யாராவது பிளேன் ஏறும்போது அவருடைய சூட்கேஸ் அவருடையதா என்ன? பாதி உறவுக்காரருடையது. பாலாவின் மனைவி சாந்திக்கு மிச்சிகனில் யாழ்ப்பாணத்துத் தூள் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு வருடமும் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் என் கையால் வறுத்து, இடித்து, மூன்று கிலோ கட்டிக் கொடுத்து அனுப்புவேன். இந்த வருடம் சாந்தி போன் பண்ணி, “அக்கா, இனிக் கஷ்டப்படாதேங்கோ. ரொறொன்ரோவில கடையெல்லாம் வந்திட்டுது, போய் வாங்கிறம்” என்று சொல்லிவிட்டாள். கொஞ்சம் ரோசம்தான் வந்தது எனக்கு. சரி, வேண்டாம் என்றால் விட்டேன்.

இவர் போய்ச் சேர்ந்தார். சஷ்டி தொடங்கியது. ஒருவேளை பாலும் பழமும். விடியக் காலையில் குளிர்ந்த நீரில் முழுக்கு. பிறகு காடு. மத்தியானம் வந்து பூசை, மறுபடியும் காடு. பூசை முடித்துவிட்டு எனக்குப் போன் எடுப்பார். அங்கே பகல் ஒரு மணி, லண்டனில் மாலை ஆறு. நானும் இங்கே விரதம்தான். வெறும் வயிற்றோடு போனடியில் இருப்பேன்.

முதல் இரண்டு நாளும் ஒன்றுமில்லை. நான்காம் நாள் போனை எடுத்தால், மூச்சு வாங்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

“நேற்றுப் பின்னேரம் வந்தவரப்பா!”

“ஆர்?”

“வேற ஆர்? அவர்தான்! முப்பது யாரில நிண்டவர். அரைமணித்தியாலம்! காத்து என்னில இருந்து அவருக்குத்தான் அடிச்சது. மூக்கைத் தூக்கி ஒருக்காப் பார்த்தார், பிறகு தன்ர பாட்டில நிண்டு புல்லுச் சாப்பிட்டார்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஐந்து வருடத்தில் அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் வந்தாராம். ஆறாம் நாள், சூரன்போர் அன்றைக்கு, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் இவர் மரத்தில் இருக்க, கிழவர் நேரே மரத்தடிக்கே வந்துவிட்டார். “மேல இருந்து எட்டிப் பார்க்கிறன், கிழிஞ்ச காது தெரியுது. அவர் மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. கண்ணிமை வெள்ளையாப் போச்சு, வயசு போயிட்டுது பாவம்” என்றார். பிறகு, “என்ன வித்தியாசம் எண்டு நானும் பாலாவும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறம். அதே மரம், அதே காத்து, அதே கோட்டு...” என்றார்.

அதே கோட்டு.

சமையலறையில் ரிசீவரைப் பிடித்தபடி நின்ற எனக்கு, தூள் வறுக்கும் தாச்சி எதிரே சுவரில் தொங்குவது கண்ணில் பட்டது. தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

வாசகர்களே, இப்போது சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக அந்த மூன்று கிலோ தூளையும் நான் எதற்குள் சுற்றி அனுப்பினேன் தெரியுமா? சூட்கேசில் உள்ளதிலேயே தடித்த துணி எது? பை வெடித்தால் மற்ற உடுப்புகள் நாறாமல் தாங்கக்கூடியது எது? அந்தக் கோட்டுத்தான்!

ஒரு மாதம் கொட்டிலில் தொங்கி, வாசனையே இல்லாமல் சுத்தமான கோட்டு. அதை விரித்து, நடுவில் தூளை வைத்து, கையிரண்டையும் இறுக்கிக் கட்டி, குழந்தைப் பிள்ளையைப் போலச் சுற்றி வைப்பேன். மூன்று பிளாஸ்டிக் பை போட்டேன், உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணத்து வறுத்த தூள் மூன்று பைக்கு அடங்குமா? போய்ச் சேர்ந்தவுடன் சாந்தி சூட்கேசைத் திறந்து முதலில் தூளைத்தான் எடுப்பாள். இவருக்கு ஒன்றும் தெரியாது. மணத்திருக்காதா என்று கேட்கிறீர்களா? பதினைந்து வருடம் என்னோடு இந்த வீட்டில் சாப்பிட்ட மனுஷனுக்கு என் தூள் எப்படி மணக்கும்? கிழவருக்கு மணத்திருக்கிறது.

போனில் நான் “முருகா!” என்றேன். இவர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

பாறணையன்று அங்கே நாள் முழுக்க மழை. மறுநாள்தான் அந்த ஒரேயொரு நாள். வில்லோடு ஏறும் நாள். நான் அன்று முழுக்க வேலையில் எதையும் உருப்படியாகச் செய்யவில்லை. சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். ஒரு மான் செத்துப்போக வேண்டும் என்று முருகனிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டால் இந்த மனுஷனுக்கு இனியொரு நவம்பர் கிடையாதே!

அடுத்த நாள், ஏர்போர்ட்டுக்குப் புறப்படும்போது போன் எடுத்தார்.

“காத்து மாறிப்போச்சப்பா” என்றார். அவ்வளவுதான்.

ஹீத்ரோவிலும் அதையேதான் சொன்னார். ரயிலிலும் அதுதான். புலம்பவில்லை. முகமும் வாடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அதிகம் துக்கம் வந்தால் இவர் பேசமாட்டார் என்று எனக்குத் தெரியும். கோட்டைக்கூடக் கொட்டிலில் கொண்டுபோய்த் தொங்கவிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே சுருட்டிப் போட்டுவிட்டார். இனி அது எதற்கு என்ற விரக்தி என்று நினைத்தேன். இரண்டு கிழமையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வருடம்! நாலு வருடமும் கெடுத்தது நான்! சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்படியான நிலையில்தான் போன சனிக்கிழமை, அந்தக் கோட்டைத் தோய்த்தாவது வைப்போம் என்று எடுத்து, பைக்குள் கையை விட்டு, முள் குத்தி...

முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் மீன் குழம்பு. பையின் உள்பக்கம் முழுக்க மஞ்சள் கறை.

இவர் ஏர்லி ஷிப்ட் முடிந்து வந்தார். முள்ளை ஒரு சோசரில் எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் காத்திருந்தேன். ‘இதென்ன?’ என்று கேட்பதாகத்தான் உத்தேசம். வாயைத் திறந்தால், வந்தது அழுகை. அதோடு சேர்ந்து என் குற்றமெல்லாம் கொட்டுப்பட்டது. தூள், கோட்டு, மூன்று பை, நாலு வருடம்... எல்லாம்.

இவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“சாந்தி சூட்கேசைத் திறந்தவுடன, ‘என்னண்ணை, இந்தமுறை கோட்டுக்குள்ள ஒண்டையும் காணேல்லை’ எண்டு கேட்டவ. பிறகு மூண்டாம் நாள் அவர் வந்து நிண்டார். எனக்கு உடன விளங்கீட்டுது.”

“அப்ப ஏன் போனில என்ன வித்தியாசம், என்ன வித்தியாசம் எண்டு கேட்டனீங்கள்?”

“நீர் சொல்லுறீரோ எண்டு பார்த்தனான்.” சிரிக்கிறார் மனுஷன்! “நீர் ‘முருகா’ எண்டீர்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு கிழமையாகப் பட்டினி கிடந்திருக்கிறேன்! சோசரை அவர் முன்னால் தள்ளினேன். “அப்ப உது? காத்து மாறினதெண்டு சொன்னீங்கள்? காத்துக்கு முள்ளிருக்கோ?”

சிரிப்பு நின்றுவிட்டது. சோசரைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை விரல் நுனியால் திருப்பி வைத்தார்.

“சாந்தி பாறணை முடிஞ்ச அடுத்தநாளெண்டு விளைமீன் குழம்பு வைச்சவ. ஒரு பார்சல் கட்டித் தரச்சொல்லி நான்தான் கேட்டனான். கோட்டுப் பைக்குள்ள வைச்சுக்கொண்டு ஏறினனான். மூண்டு மணிபோல, மரத்தில இருந்து அவ்வளவத்தையும் சாப்பிட்டிட்டுக் கையை அந்தக் கோட்டிலயே துடைச்சனான்.”

“விசரே உங்களுக்கு? ஏன்?”

“நாலு நாளப்பா... நாலு நாள் என்னை நம்பி வந்து நிண்டவர். விரதம் முடிஞ்சுதெண்டு கணக்குப் பார்த்து அவருக்கு எப்பிடி அம்பு விடுறது? ஆனால் வில்லு கையில இருந்தால் கை சும்மா இருக்காது. என்ர கையை எனக்குத் தெரியும். நாலு வருசம் இதுக்கெண்டு பழகின கை. அதுதான்... அவரைக் கிட்ட வரவிடாமப் பண்ணினன்.”

“வந்தவரோ?”

“வந்தவர். அறுவது யாரில நிண்டு மூக்கைத் தூக்கினவர். முன்னங்காலை ரெண்டு தரம் நிலத்தில குத்தினவர். ஒரு சீறல். வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிப்போட்டுப் போயிட்டார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கெண்டால் போய்ட்டு வாறன் எண்டு சொன்ன மாதிரித்தான் இருந்தது.”

நான் யன்னலால் வெளியே பார்த்தேன். தோட்டத்தில் பேர்ஸ் மரம் இலையில்லாமல் நின்றது. வேலியோரத்தில் மார்கரெட் வழமை போல ஒரு கப் தேநீரை வைத்துவிட்டு, மரத்தில் ஆளைக் காணாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதைப் பாலாவுக்குச் சொல்லியிருக்கலாம்தானே?” என்று கேட்டேன்.

“அஞ்சு வருசமா அவன் தன்ர லீவெல்லாத்தையும் எனக்காகப் போட்டு, விடியக் காலமை எழும்பி, குளிருக்குள்ள மற்ற மரத்தில இருந்தவன். அவனுக்குப் போய் எனக்கு மனம் வரேல்லை எண்டு சொல்ல ஏலுமே? காத்து மாறினதெண்டால் வேட்டைக்காரனுக்கு விளங்கும்.” பிறகு சோசரைக் காட்டி, “உது அவனுக்குத் தெரியவே கூடாது, சொல்லிப்போட்டன்” என்றார்.

நான் தலையாட்டினேன். கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

“தோய்க்காதேயும்” என்றார். “அப்பிடியே கிடக்கட்டும்.”

கிடக்கிறது. எனக்குப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு இந்த மனுஷனை மறுபடியும் கட்டலாம் போல இருக்கிறது. அடுத்த கிழமை தோள் ஆபரேஷன். ஆறு கிழமைக்கு வலது கையை அசைக்க ஏலாது. சோற்றைக் குழைத்து, முள் பார்த்து, நான்தான் வாயில் தீத்தப் போகிறேன்.

மிச்சிகனில் யாருக்காவது இந்தப் பத்திரிகை போகுமென்றால், தயவுசெய்து பாலாவின் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைப் பொறுத்தவரை, அன்றைக்குக் காற்று மாறியதுதான்!